'ஒன்லி' எங்கே வரும், எங்கே வராது: எல்லாம் இந்தத் 'தான்' பண்ணுகிற வேலை

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. விடுப்பில் இருந்தபோது வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்திருக்கிறார். நீங்கள் 'ஐ வில் பீ பேக் ஆன் மண்டே ஒன்லி' என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு 'ஜஸ்ட் மண்டே?' என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமைதான் வருவேன் என்று நீங்கள் சொன்னது, திங்கட்கிழமை மட்டும் வருவேன், செவ்வாய்க்கிழமை மறுபடி இருக்கமாட்டேன் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. இதில் தப்பு எங்கே, ஒன்லியை வாக்கியத்தில் எங்கே வைப்பது, 'டுடே இட்செல்ஃப்' என்பதும் இதே வகைதானா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. ஒன்லியை இடம் மாற்றி வைத்தால் அந்த வாக்கியம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 'ஒன்லி ஆன் மண்டே' என்று முன்னால் தள்ளியிருந்தாலும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அங்கே ஒன்லிக்கு வேலையே இல்லை. வரவேண்டியது 'ஐ வோன்ட் பீ பேக் டில் மண்டே'. அதாவது, திங்கள் வரைக்கும் வரமாட்டேன் என்று எதிர்மறையாகச் சொல்வது. நாம் 'திங்கட்கிழமைதான்' என்று உடன்பாடாகச் சொல்வதை ஆங்கிலம் 'அதுவரை இல்லை' என்று திருப்பிப் போட்டுச் சொல்லும். இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். 'நாளைக்குத்தான் மீட்டிங்' என்றால் 'த மீட்டிங் இஸ் நாட் டில் டுமாரோ'. 'அடுத்த மாசம்தான் ரிசல்ட்' என்றால் 'த ரிசல்ட்ஸ் வோன்ட் பீ அவுட் டில் நெக்ஸ்ட் மன்த்'.

சரி, இந்தச் சிக்கல் நமக்கு ஏன் வருகிறது? ஒன்லி என்றால் 'மட்டும்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பேச்சில் நாம் ஒன்லியைப் போடுவது 'மட்டும்' வரும் இடத்தில் இல்லை, 'தான்' வரும் இடத்தில். இந்தத் தான் சாதாரண ஆள் இல்லை. 'பத்து நிமிஷம்தான் ஆகும்' என்கிறபோது அது அளவைக் குறுக்குகிறது. 'அவன்தான் சொன்னான்' என்கிறபோது பலரில் ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறது, வேறு யாரும் சொல்லவில்லை என்பது அங்கே முக்கியமே இல்லை. 'நல்லாத்தான் இருக்கு, ஆனா…' என்கிறபோது ஒத்துக்கொள்வதுபோல ஒத்துக்கொண்டு அடுத்த வரியில் குறை சொல்லத் தயாராகிறது. 'அவன் அப்படித்தான்' என்கிறபோது இனி அதைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று கதவைச் சாத்துகிறது. இத்தனை வேலையையும் ஒன்லி என்ற ஒரே சொல்லின் தலையில் கட்டினால் அது தாங்காது. அதற்குத் தெரிந்தது முதல் வேலை மட்டும்.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. நாக்கில் 'தான்' வரும்போது அதை எடுத்துவிட்டு 'மட்டும்' அல்லது 'வெறும்' போட்டுப் பாருங்கள். 'வெறும் பத்து நிமிஷம்' என்று சொன்னால் பொருள் மாறவில்லை, ஆகவே ஒன்லி தாராளமாக வரலாம்: 'இட் ஒன்லி டேக்ஸ் டென் மினிட்ஸ்'. 'அவன் மட்டும் சொன்னான்' என்று போட்டால் கதையே மாறிவிடுகிறது, ஆகவே அங்கே ஒன்லி கூடாது. இந்தச் சோதனைக்குப் பிடிபடாத ஒரு தான் உண்டு. 'நேற்றுதான் வந்தேன்' என்கிற, காலம் சம்பந்தப்பட்ட தான். அதில் 'மட்டும்' பொருந்தாது, ஆனாலும் ஆங்கிலத்தில் ஒன்லி வரும்: 'ஐ ஒன்லி காட் ஹியர் எஸ்டர்டே'. அதற்கு முன்னால் இல்லை, இவ்வளவு சமீபத்தில்தான் என்று பொருள். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இது சரியாக வரும், இனி நடக்கப்போவதைச் சொல்லும்போது வராது. நீங்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். நேற்றுக்குச் செல்லுபடியாகும் ஒன்லி திங்கட்கிழமைக்குச் செல்லாது, அதற்குத்தான் நாட் டில்.

மற்றத் தான்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லைத் தேடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி. ஆளைச் சுட்டுகிற தானுக்குப் பெரும்பாலும் குரல்தான் வழி. 'ரவி டோல்ட் மீ' என்று சொல்லும்போது ரவியில் அழுத்தம் கொடுத்தால் போதும், அது 'ரவிதான் சொன்னான்' ஆகிவிடும். எழுத்தில் குரல் கிடையாது, அதனால் அங்கே 'இட் வாஸ் ரவி ஹூ டோல்ட் மீ' அல்லது 'ரவி இஸ் த ஒன் ஹூ டோல்ட் மீ'. இடத்தைச் சுட்டுகிற தானுக்கு 'ரைட்': 'இங்கேதான் இருக்கேன்' என்றால் 'ஐ ஆம் ரைட் ஹியர்'. 'இப்பத்தான் கிளம்பினான்' என்றால் 'ஹீ ஜஸ்ட் லெஃப்ட்'. 'அதைத்தான் நானும் சொல்றேன்' என்பதற்கு 'தட்ஸ் எக்ஸாக்ட்லி வாட் ஐ ஆம் சேயிங்', இதில் எக்ஸாக்ட்லிதான் தான். 'நீங்கதான் முடிவு பண்ணணும்' என்பதற்கு 'இட்ஸ் அப் டு யூ', இதில் தானுக்கென்று தனிச் சொல்லே இல்லை, வாக்கியம் முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது. 'அவன் அப்படித்தான்' என்பதற்கு 'ஹீ இஸ் லைக் தட் ஒன்லி' என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். வெளியாள் ஒருவரிடம் 'தட்ஸ் ஜஸ்ட் ஹவ் ஹீ இஸ்' என்று சொல்லிப் பாருங்கள், அந்தக் கதவைச் சாத்துகிற தொனி அப்படியே வரும்.

எனக்குப் பிடித்தது அந்த 'நல்லாத்தான் இருக்கு' வகை. 'இட் இஸ் குட் ஒன்லி' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ஓர் அழுத்தத்தில் முடித்துவிடலாம். 'இட் இஸ் குட், பட்…' என்று இஸ் மேல் குரலை ஏற்றுங்கள். வழக்கமாக 'இட்ஸ்' என்று சுருங்கிப்போகிற சொல் அது, அதை விரித்து அழுத்திச் சொன்னவுடனே கேட்பவருக்கு ஏதோ குறை வரப்போகிறது என்று தெரிந்துவிடும். 'ஐ டிட் ரீட் இட், பட்…' என்றால் 'படிக்கத்தான் செய்தேன், ஆனா…'. இந்த டிட் எதற்கு வருகிறது என்று பலர் குழம்புவார்கள். நம்முடைய '-த்தான் செய்தேன்' என்கிற அமைப்பும் இதுவும் செய்கிற வேலை ஒன்றுதான், இரண்டு மொழியும் ஏறக்குறைய ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: ஒன்லி சரியாகவே வரவேண்டிய வாக்கியத்தில் அதை எங்கே வைப்பது?

தமிழில் தானும் மட்டும்-உம் தாங்கள் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கில ஒன்லி பெரும்பாலும் முன்னால் நின்று வலது பக்கம் பார்க்கும். இந்தத் திசை மாற்றம் மனதில் படியாததால்தான் நம் ஒன்லி வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. 'ஐ சென்ட் த ஃபைல் டு மீனா' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்லி ஐ சென்ட் த ஃபைல் டு மீனா' என்றால் நான் மட்டும் அனுப்பினேன், வேறு யாரும் அனுப்பவில்லை. 'ஐ சென்ட் ஒன்லி த ஃபைல்' என்றால் ஃபைலை மட்டும், கூட ஒரு குறிப்போ விளக்கமோ இல்லை. 'ஐ சென்ட் த ஃபைல் ஒன்லி டு மீனா' என்றால் மீனாவுக்கு மட்டும். இதுவரை எல்லாம் சுலபம். வில்லங்கம் நான்காவது இடத்தில் இருக்கிறது: 'ஐ ஒன்லி சென்ட் த ஃபைல் டு மீனா'. கணக்குப்படி பார்த்தால் இது அனுப்ப மட்டும் செய்தேன், அதைப் பற்றிப் பேசவில்லை என்று பொருள் தரவேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மேலே சொன்னவற்றில் 'நான் மட்டும்' என்பதைத் தவிர மற்றது எதைச் சொல்ல நினைத்தாலும் பேச்சில் பெரும்பாலும் இந்த ஒரே வடிவத்தைத்தான் சொல்வார்கள், எதைக் குறிக்கிறோம் என்பதைக் குரலில் காட்டுவார்கள். மீனாவை அழுத்தினால் மீனாவுக்கு மட்டும், ஃபைலை அழுத்தினால் ஃபைல் மட்டும்.

இது நமக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். தமிழில் 'மீனாவுக்கு மட்டும்தான் அனுப்பினேன்' என்று எழுதிவிட்டால் குரலே தேவையில்லை, ஒட்டு எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறதோ அங்கே பொருள். ஆங்கிலத்தில் சொல் ஓரிடத்தில், பொருள் வேறிடத்தில். இதை வைத்து அவர்களே நீண்ட காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1760களில் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் என்ற பாதிரியார், 'ஐ ஒன்லி ஸ்பேக் த்ரீ வேர்ட்ஸ்' என்று சொல்வது தப்பு, 'ஐ ஸ்பேக் ஒன்லி த்ரீ வேர்ட்ஸ்' என்றுதான் சொல்லவேண்டும், மூன்று என்பதற்குப் பக்கத்தில்தான் ஒன்லி நிற்கவேண்டும் என்றார். அதற்கப்புறம் பாடப்புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டன. 1926இல் ஆங்கில வழக்கு பற்றி அகராதி வடிவில் ஒரு புத்தகம் எழுதிய ஃபவுலர், இயல்பாகப் பேசுகிற மொழியை இப்படிக் கட்டிப்போட வேண்டியதில்லை, யாருக்கும் குழப்பம் வராத இடத்தில் வினைக்கு முன்னால் ஒன்லி நிற்பதில் தவறில்லை என்கிற பக்கம் நின்றார். 'ஹீ ஒன்லி டைட் எ வீக் அகோ' என்பது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். செத்துப்போனது மட்டும்தான் செய்தான், வேறொன்றும் செய்யவில்லை என்று அதை யாராவது புரிந்துகொள்வார்களா?

என் கருத்தைக் கேட்டால், பேசும்போது ஃபவுலர் பக்கம், எழுதும்போது லோத் பக்கம். பேச்சில் ஒன்லியை வினைக்கு முன்னால் வைத்துப் பழகுங்கள், அதுதான் காதுக்கு இயல்பாக இருக்கும். இஸ், ஆம், ஆர், வாஸ் இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஹீ இஸ் ஒன்லி ட்வெல்வ்'. ஹேவ், கேன், வில் போன்ற துணைவினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவில்: 'ஐ ஹேவ் ஒன்லி மெட் ஹிம் ஒன்ஸ்', 'ஐ கேன் ஒன்லி ஸ்டே ஃபார் ஆன் அவர்'. அப்புறம், அழுத்தத்தை ஒன்லியில் கொடுக்காதீர்கள், அது குறிக்கும் சொல்லில் கொடுங்கள். நம்மில் பலர் செய்வது தலைகீழ். ஒன்லியை இழுத்து அழுத்திவிட்டு 'ஒன்ஸ்' என்பதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறோம், கேட்பவருக்கு எது எத்தனை என்பதே போய்ச் சேராது.

எழுத்தில், அதிலும் வேலை சம்பந்தப்பட்ட எழுத்தில், இந்தச் சலுகை வேண்டாம். ஒரு மின்னஞ்சலில் 'வீ ஒன்லி டெஸ்டட் த லாகின் பேஜ் ஆன் ஃப்ரைடே' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை லாகின் பக்கத்தை மட்டும் சோதித்தோம், மற்றப் பக்கங்கள் பாக்கி என்று ஒருவர் படிப்பார். லாகின் பக்கத்தை வெள்ளிக்கிழமைதான் சோதித்தோம், அதற்கு முன்னால் தொடவே இல்லை என்று இன்னொருவர் படிப்பார். சோதித்தது மட்டும்தான், கண்ட பிழைகளைத் திருத்தவில்லை என்று மூன்றாமவர் படிப்பார். மூன்று பேருமே ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள், மூன்று பேர் படித்ததும் சரி. நான் அந்த வரியை எழுதினால் 'ஆன் ஃப்ரைடே வீ டெஸ்டட் ஒன்லி த லாகின் பேஜ்' என்று எழுதுவேன், அல்லது 'வீ டிடின்ட் டெஸ்ட் த லாகின் பேஜ் அன்டில் ஃப்ரைடே'. ஒப்பந்தம், பயன்படுத்தும் முறை, மருந்துக் குறிப்பு மாதிரி விஷயங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒன்லி, அது குறிக்கும் சொல்லுக்கு ஒட்டி முன்னால் நிற்கவேண்டும், பேச்சு வழக்கெல்லாம் அங்கே எடுபடாது.

அப்படியானால் ஒன்லி கடைசியில் வரவே கூடாதா என்றால், வரும். அறிவிப்புப் பலகையில் 'ஸ்டாஃப் ஒன்லி', 'மெம்பர்ஸ் ஒன்லி' என்று பார்க்கிறோமே. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதியதும் கடைசியில் ஒன்லி போடுவது, பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாதென்று. 'ஃபார் ரெஃபரன்ஸ் ஒன்லி', 'இன் நேம் ஒன்லி' எல்லாம் உண்டு. இவையெல்லாம் பலகைக்கும் படிவத்துக்கும் உரிய நடை, ஒரு சில நிலைத்துப்போன தொடர்கள். பொருளும் கறாராக 'மட்டும்' என்பதுதான். உங்கள் வாடிக்கையாளர் 'மண்டே ஒன்லி' என்று கேட்டதும் அவர் மனம் இந்தப் பலகைப் பொருளுக்குத்தான் போயிருக்கும். ஏதாவது ஒரு கதவில் 'மண்டேஸ் ஒன்லி' என்று எழுதியிருந்தால் நீங்களும் அப்படித்தானே படிப்பீர்கள்?

இன்னொரு ஒன்லி இருக்கிறது, அதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை, ஆனால் பேச்சில் தினமும் வரும். நம்முடைய 'சும்மா' செய்கிற வேலையை அது செய்யும். 'ஐ வாஸ் ஒன்லி ஜோக்கிங்' என்றால் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். 'ஐ வாஸ் ஒன்லி ட்ரையிங் டு ஹெல்ப்' என்றால் உதவி பண்ணலாமென்றுதானே வந்தேன், அதற்கு ஏன் கோபம் என்கிற தொனி. கதவைத் தட்டிவிட்டு 'இட்ஸ் ஒன்லி மீ' என்றால் நான்தான், பயப்படாதீங்க. 'ஹீ இஸ் ஒன்லி எ சைல்ட்' என்றால் சின்னப்பிள்ளை, விடுங்க. எல்லாவற்றிலும் விஷயத்தின் கனத்தைக் குறைப்பதுதான் நோக்கம். இந்த இடங்களில் பெரும்பாலும் ஜஸ்ட்டும் வரும், பொருள் அவ்வளவாக மாறாது. ஆனால் எல்லா இடத்திலும் இரண்டையும் மாற்றிப் போட முடியாது. யாரிடமாவது ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேட்கும்போது 'குட் யூ ஜஸ்ட் சைன் ஹியர்' என்று ஜஸ்ட் போட்டு மென்மையாக்கலாம், அங்கே ஒன்லி போட்டால் கையெழுத்து மட்டும் போடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்று கட்டளை மாதிரி ஆகிவிடும். 'ஐ ஜஸ்ட் அரைவ்ட்' என்று தனியாகச் சொல்லி நிறுத்தலாம், 'ஐ ஒன்லி அரைவ்ட்' என்று சொன்னால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும், பின்னால் 'எஸ்டர்டே' என்றோ 'டென் மினிட்ஸ் அகோ' என்றோ ஒரு நேரம் வந்தே ஆகவேண்டும்.

'அப்போதுதான் புரிந்தது' என்பதற்கு 'ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்று இலக்கணப் பயிற்சியில் எழுத வைத்திருப்பார்கள். ஒன்லி வாக்கியத்தின் தலையில் ஏறி, அது சேர்ந்த பகுதி எழுவாயாக இல்லாவிட்டால், கேள்வி கேட்பதுபோல டிட் முன்னால் வரும். விதி சரி, எழுத்திலும் மேடையிலும் அழகாக இருக்கும். நண்பரிடம் பேசும்போது இப்படிச் சொன்னால் சொற்பொழிவு ஆற்றுகிறீர்களா என்று பார்ப்பார். 'தட்ஸ் வென் ஐ அண்டர்ஸ்டுட்' என்று விட்டுவிடுங்கள். நாட் ஒன்லி, பட் ஆல்ஸோ ஜோடியும் அதே ரகம், கட்டுரைக்கு நல்லது, பேச்சுக்குக் கனம்.

இஃப் ஒன்லி, ஒன்லி இஃப் இரண்டையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஒன்லி இஃப்' நம்முடைய '-ஆல்தான்': 'யூ கேன் லீவ் ஒன்லி இஃப் யூ ஃபினிஷ் திஸ்' என்றால் இதை முடித்தால்தான் போகலாம். இங்கே தானும் ஒன்லியும் அபூர்வமாகக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கவனியுங்கள், முடித்தால் கட்டாயம் விட்டுவிடுவேன் என்ற உறுதி இரண்டு மொழியிலுமே இல்லை, முடிக்காவிட்டால் நடக்காது என்பது மட்டும்தான் உறுதி. அந்த உறுதியையும் சேர்த்துக் கேட்கிறவர்கள் கணிதக்காரர்கள், அதனால்தான் அவர்கள் 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்று எழுதுகிறார்கள். 'இஃப் ஒன்லி' வேறு சங்கதி, அது பெருமூச்சு. 'இஃப் ஒன்லி ஐ ஹேட் நோன்' என்றால் தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், தெரியாம போச்சே.

'ஒன்லி டூ ஹாப்பி' என்பதில் குறைவே கிடையாது, ரொம்ப சந்தோஷம் என்றுதான் பொருள். 'ஒன்லி ஜஸ்ட்' வந்தால் மயிரிழையில் தப்பித்த கதை. 'ஐ ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் த ட்ரெயின் ஹேட் கான்' என்பதை நாம் எப்படிச் சொல்வோம்? 'ஸ்டேஷனுக்கு ஓடினேன், போய்ப் பார்த்தா ரயில் போயிடுச்சு.' அந்தப் 'போய்ப் பார்த்தா'தான் இந்த ஒன்லி. ஒன்லி என்றதுமே மட்டும், மட்டும் என்று மனதுக்குள் மொழிபெயர்க்கிறவர்கள் இந்த வாக்கியத்தில் நிச்சயம் தடுக்கி விழுவார்கள்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் 'ஒன்று' என்பதில் வரும் குறில் ஒ போலச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது நெடில் பக்கம், 'ஓப்பன்' என்பதில் வருகிற ஓ, சொல்லி முடிக்கும்போது உதடு இன்னும் கொஞ்சம் குவியும். ஒன் என்ற எண்ணிலிருந்து வந்த சொல் என்றால் 'வன்லி' என்றல்லவா சொல்லவேண்டும் என்று கேட்டால், நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்றால் ஒன்று, அதோடு 'போன்ற' என்ற பொருள் தரும் லிச் சேர்ந்து வந்த ஆன்லிச் என்பதுதான் இன்றைய ஒன்லி. பிற்காலத்தில் தனியாக நின்ற எண்ணுப்பெயர் மட்டும் முன்னால் ஒரு வ ஒலியைச் சேர்த்துக்கொண்டு வன் ஆகிவிட்டது. ஒன்லி, அலோன், அட்டோன் மூன்றும் அந்த வ சேராமல், பழைய ஆ ஓ ஆக மாறியதோடு நின்றுவிட்டன. மூன்றுக்குள்ளும் அந்தப் பழைய ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வேகமாகப் பேசும்போது நடுவில் இருக்கும் ன் தேய்ந்து 'ஓலி' மாதிரியும் சிலரிடம் கேட்கும், ஒல்லி என்று நினைத்துச் சிரிக்காதீர்கள்.

இதெல்லாம் சொன்னதால் நம் ஊர் ஒன்லி அசிங்கம், கேவலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். இந்திய ஆங்கிலத்தில் கடைசியில் வரும் ஒன்லிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்தியில் 'ஹீ' என்ற ஒட்டு செய்யும் வேலையும் இதுதான், அதனால் வடக்கே இருப்பவர் சொல்லும் 'ஒன்லி' நமக்கும் நாம் சொல்வது அவருக்கும் சட்டென்று புரிகிறது. மொழியியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள், பிழை என்று இல்லை, ஒரு வட்டார ஆங்கிலத்தின் இலக்கணம் என்று. நமக்குள் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு அந்த இலக்கணம் தெரியாதபோதுதான் கவனம் வேண்டும். அதிலும் எல்லா ஒன்லியும் ஒரே அளவு ஆபத்தில்லை. 'ஹீ இஸ் லைக் தட் ஒன்லி' என்றால் கேட்பவருக்கு விநோதமாக இருக்கும், ஆனால் ஊகித்துக்கொள்வார். உண்மையில் கெடுப்பது, கேட்பவர் தப்பாகப் புரிந்துகொண்டதே இரண்டு பேருக்கும் தெரியாமல் போகிற இடங்கள். ஒன்று உங்கள் மண்டே ஒன்லி. உங்களவர் திருப்பிக் கேட்டார், கேட்காமல் விட்டிருந்தால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு உங்களை அழைக்காமலே விட்டிருப்பார். இன்னொன்று 'ஹீ ஒன்லி சேஞ்ச்ட் த செட்டிங்' வகை. அவன்தான் மாற்றினான் என்று குற்றம் சாட்ட நினைக்கிறீர்கள், கேட்பவர் காதில் அவன் செட்டிங்கை மட்டும்தானே மாற்றினான், பெரிய விஷயமில்லை என்று விழுகிறது. நீங்கள் மாட்டிவிட நினைத்த ஆளுக்கு நீங்களே வக்காலத்து வாங்கிவிட்டீர்கள். திருத்துவதென்றால் முதலில் இந்த இரண்டையும் திருத்துங்கள், மிச்சம் மெதுவாக வரட்டும்.

பழகுவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வாக்கியம் முடிந்த பிறகு ஒன்லி நாக்கு நுனிக்கு வரும் அந்த நொடியில் வாயை மூடிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் இடங்களில் ஒன்லி இல்லாமலே வாக்கியம் முழுமையாக நிற்கும், எது முக்கியமோ அதை அழுத்திச் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் பேசியதைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், எத்தனை ஒன்லி வேலையில்லாமல் நிற்கிறது என்று தெரியும்.

கடைசியாக 'டுடே இட்செல்ஃப்'. ஆமாம், அது ஒன்லிக்குப் பங்காளிதான், ஆனால் தகப்பன் வேறு. ஒன்லி தானிலிருந்து வருகிறது, இட்செல்ஃப் நம்முடைய ஏகாரத்திலிருந்து வருகிறது: இன்றைக்கே, இப்பவே, நேற்றே, ஆரம்பத்திலேயே. ஆங்கிலத்தில் இட்செல்ஃப் ஒரு பொருளைக் குறிக்கும் பெயரோடு சேர்ந்து, அதைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து பிரித்துக் காட்டும்: 'த ஃபோன் இட்செல்ஃப் இஸ் ஃபைன், இட்ஸ் த சார்ஜர்'. போனில் குறையில்லை, சார்ஜர்தான் கோளாறு. நேரத்தோடு சேர்த்து அவசரத்தைக் காட்டும் வழக்கம் அங்கே இல்லை. 'இன்றைக்கே அனுப்பிடறேன்' என்பதற்கு 'ஐ வில் சென்ட் இட் டுடே' என்பதே போதும், உறுதி கூடவேண்டுமென்றால் 'பை த எண்ட் ஆஃப் த டே'. 'இப்பவே' என்றால் 'ரைட் நவ்' அல்லது 'ரைட் அவே'. 'ஆரம்பத்திலேயே சொன்னேனே' என்றால் 'ஐ செட் சோ ரைட் ஃப்ரம் த ஸ்டார்ட்'. 'நேற்றே சொல்லிட்டேன்' என்றால் 'ஐ ஆல்ரெடி டோல்ட் யூ எஸ்டர்டே', இதை மட்டும் கொஞ்சம் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள், ஆல்ரெடியில் அழுத்தம் ஏறினால் எத்தனை தடவை சொல்வது என்று சலித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.